துறைக்கல் எங்கே போயிற்று?

பத்திரிகைக்காரர்கள் ஒரு விஷயத்தைத் துருவி எழுதினால் அதற்கு 'அலசல்' என்று பேர் வைக்கிறார்கள். மேடைப் பேச்சாளர் வெளுத்து வாங்குகிறார். கடைசி ஓவரில் இறங்கியவர் பந்தை அடித்துத் துவைக்கிறார். மேலதிகாரி ஆளைப் பிழிந்து எடுக்கிறார். தேர்தல் முடிந்த ஆறாம் மாதம் யாராவது ஒருவரின் சாயம் வெளுக்கிறது. சும்மா இருந்தவனைப் பார்த்து, 'ஆமா, பெருசாக் கிழிச்சுக் காயப்போட்டுட்டான்' என்று வீட்டில் சொல்கிறார்கள். அன்றாடம் புழங்கும் இந்தச் சொற்களெல்லாம் ஊருக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், சாய்வாகப் போட்ட ஒரு கருங்கல்லின் பக்கத்தில் பிறந்தவை. அந்த இடத்துக்கு வண்ணான் துறை என்று பேர். சொற்கள் நிலைத்துவிட்டன. துறையைத்தான் காணோம்.

ராசிபுரத்துச் சமவெளியில் இப்படி ஓர் இடத்துக்குத் தண்ணீர் ஒதுக்கினார்கள் என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. கிழக்கே கொல்லிமலை, வடக்கே போதமலை. நடுவே மழையை நம்பிய மேட்டு நிலம். வற்றாத ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. சேலத்தைக் கடந்து வரும் திருமணிமுத்தாறும் ராசிபுரத்துக்கு மேற்கே ஒதுங்கிப் போய், நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் கலந்துவிடுகிறது. ஆக, மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்த ஏரியும் குட்டையும், ஆழமாகத் தோண்டிய கிணறும்தான் ஊரின் சொத்து. குடிக்க ஒன்று, பயிருக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று என்று பங்கு பிரித்த பிறகு, மிச்சமான கசிவு நீரிலோ உப்புக் கரிக்கும் பள்ளத்திலோ துணி வெளுக்க இடம் விட்டார்கள். நெய்க்கும் பட்டுக்கும் பேர்போன ஊர், ஆர்.கே. நாராயணன் பெயரின் முதல் எழுத்தாக உலகம் சுற்றிய ஊர் என்றெல்லாம் ராசிபுரத்தைப் பற்றிச் சொல்வார்கள். அந்த ஊரின் வேட்டியும் சேலையும் எந்தத் தண்ணீரில், யார் கையால் வெளுத்தன என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

பிரான்சில் கதை வேறு. அங்கே சின்னக் கிராமத்திலும் ஊர்ப் பொதுச் சலவைக்கூடம் உண்டு. ஓடைத் தண்ணீரைக் கல்தொட்டியில் திருப்பி, மேலே ஓடு வேய்ந்து, சுற்றிலும் பெண்கள் முழந்தாளிட்டுத் துவைக்கக் கல்விளிம்பு கட்டியிருப்பார்கள். 1851 பிப்ரவரியில் பிரெஞ்சு அரசு ஒரு சட்டமே போட்டு, பொதுக் குளியலறைக்கும் சலவைக்கூடத்துக்கும் 6 லட்சம் பிராங்க் ஒதுக்கியது. இங்கிலாந்தில் தொடக்கம் இன்னும் எளியது. 1832இல் லிவர்பூலில் காலரா பரவியபோது, கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண் தன் வீட்டுக் கொதிகலனை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் அதில் வேகவைத்துத் துவைத்தார்கள். பத்து வருடம் கழித்து, 1842இல் அந்த நகரம் பிரெடரிக் தெருவில் பொதுச் சலவைக்கூடம் கட்டியது. 1846இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. இன்று அந்தப் பிரெஞ்சுக் கல்தொட்டிகளைப் பூந்தொட்டி வைத்துப் பழுது பார்க்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள்.

நம் துறைக்கு அப்படி ஒரு நினைவுச் சின்னமும் இல்லாமல் போனதற்குக் காரணம் ஒன்று உண்டு. அங்கே ஊர்ப் பெண்கள் பல பேர் ஒரு தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இங்கே ஊரார் பல பேரின் அழுக்கை ஒரு குடும்பம் தூக்கிச் சென்றது. தண்ணீர் பொது, கல் பொது, அழுக்கும் பொது. அதில் இடுப்பளவு நின்ற ஆள் மட்டும் பிறப்பால் குறித்து வைக்கப்பட்டவர். துறையின் வரலாற்றை எந்த முனையில் தொட்டாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

முனை மிகப் பழையது. குறுந்தொகையின் 330ஆம் பாட்டு, கழார்க் கீரன் எயிற்றியார் பாடியது, பகன்றைப் பூவின் மொட்டுக்கு உவமை தேடும்போது சலவைப் பெண்ணின் கையைப் பார்க்கிறது. துணியைப் பசையில் தோய்த்து, கல்லில் அடித்து, குளிர்ந்த குளத்து நீரில் இட்டபோது முறுக்கு அவிழாமல் கிடக்கும் துணித்திரி போல அந்த மொட்டு இருக்கிறதாம். ஒரு நாளாவது துறை ஓரம் நின்று பார்த்தவரால்தான் இதை எழுத முடியும். புறநானூற்றின் 311ஆம் பாட்டில் ஔவையார் இன்னும் துல்லியம்: களர் நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் வெளுத்த தூய வெள்ளாடை என்கிறார். அதற்குக் களர் நிலம் எதற்கு? அங்கேதான் ரசாயனம் ஒளிந்திருக்கிறது, பிறகு வருவோம். இரண்டு பாட்டிலும் அந்தப் பெண்ணுக்குப் புலைத்தி என்று பெயர். வேலையின் அழகைப் பாராட்டிய அதே வாய் வேலை செய்தவரை எந்த வரிசையில் வைத்தது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது.

சோழர் காலத்தில் துறைக்கல் கணக்கு ஏட்டில் ஏறிவிட்டது. அக்காலச் செப்பேடுகளில் ஊர் செலுத்த வேண்டிய வரிகளின் நீண்ட பட்டியல் வரும். தறிப்புடவை, தட்டாரப்பாட்டம், குசக்காணம், கண்ணாலக்காணம் என்று தறிக்கும் தட்டாருக்கும் குயவருக்கும் கல்யாணத்துக்கும் போட்ட வரிகளின் நடுவே 'வண்ணாரப்பாறை' என்று ஒன்று இருக்கும். துணி அடிக்கும் பாறைக்கும் வரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் இறை நீக்கிய நிலங்களைச் சொல்லும் இடத்தில் வண்ணாரச்சேரி தனியாகப் பேர் பெறுகிறது. அதே கோயிலின் பணியாளர் வரிசையில் சலவைக்காரருக்கு 'ஈரங்கொல்லி' என்று பெயர். ஈரத்தைக் கொல்பவர்! சலவைக்கடை வைக்கிற யாராவது இந்தப் பெயரைப் பலகையில் எழுதினால் கூட்டம் கூடும்.

அதே சோழர் காலத்தில் பின்னால் வந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் இந்தத் தொழிலை இரண்டு இடத்தில் தொடுகிறார். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்டர், மழை விடாமல் பெய்து, மாலைக்குள் உலர்த்தித் தருவதாகச் சொன்ன கந்தலை உலர்த்த முடியாமல், துணி அடிக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகிறார். கல்லிலிருந்து ஒரு கை எழுந்து பிடித்துக்கொள்கிறது. தவணைக்குத் துணி கொடுக்க முடியாத பயம் எவ்வளவு பெரியது என்று அறிந்தவர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை இது. இன்னொன்று சேரமான் பெருமாள் கதை. உவர்மண் சுமந்து வந்தவரின் உடம்பில் மழை பட்டு, மண் வழிந்து வெளுத்துக் காய்ந்திருக்கிறது. திருநீறு பூசிய அடியார் என்று நினைத்து அரசரே யானையை விட்டு இறங்கிக் கும்பிடுகிறார். கும்பிடப்பட்டவர் பதறிப்போய்த் தன் சாதியைச் சொல்கிறார். பக்திக் கதையாகப் படிப்பவர்கள் அந்தப் பதற்றத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடுகிறார்கள்.

அந்த உவர்மண்ணுக்கு இப்போது வரலாம். கோடைக் காலையில் களர் நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும் மண்ணைச் சுரண்டி எடுப்பார்கள். அதில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. கடையில் சலவைச் சோடா என்று விற்கும் அதே உப்பு. தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்தால் கிடைப்பது காரநீர். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் காரம் இன்னும் ஏறும். இந்த நீரில் துணியை ஊறவைத்து, கல்லில் ஒரு தடவை அடித்து, வெள்ளாவி அடுப்பில் ஏற்றுவார்கள். மண்ணில் புதைத்த பெரிய பானையில் தண்ணீர். பானையின் வாயைச் சுற்றி வட்டமாக, அடுக்கடுக்காக, ஆள் உயரத்துக்குத் துணி. மேலே பழைய சமுக்காளம் போட்டு மூட்டம். விறகும் முள்ளும் பனைமட்டையும் போட்டு இரவெல்லாம் எரித்தால், நீராவி துணியின் நூல்வழியே ஏறி, காரத்தோடு சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிவிடும். விடிந்ததும் இறக்கி, மறுபடி கல்லில் அடித்து, மூன்று தண்ணீரில் அலசி, நீலம் போட்டு, வேண்டியதற்குக் கஞ்சி போட்டு வெயிலில் விரிப்பார்கள்.

லிவர்பூல் காலரா வந்த பிறகு கற்றுக்கொண்ட பாடத்தை வெள்ளாவிப் பானை அதற்கு வெகுகாலம் முன்பே செய்துகொண்டிருந்தது. பேன், ஈர், சீலைப்பேன், புண்ணின் சீழ் எல்லாம் அந்த இரவு ஆவியில் செத்துப்போகும். வெள்ளாவியில் எரிந்து போகாமல் துணியை எடுப்பது, எந்தத் துணிக்கு எவ்வளவு காரம் என்று கைவிரலால் தெரிந்துகொள்வது, சாயத் துணியை எந்த அடுக்கில் வைப்பது என்பதெல்லாம் படித்து வருகிற வித்தையல்ல. இந்த வித்தையில் இன்று நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது 'வெள்ளாவி' என்ற ஒரு சொல். அதுவும் 2011இல் வந்த 'ஆடுகளம்' படப் பாட்டின் புண்ணியத்தில்.

துறை வெறும் அழுக்கு போக்கும் இடம் மட்டுமாக இருந்ததில்லை. நெசவு ஊர்களில் அது உற்பத்தியின் ஓர் அங்கம். தறியிலிருந்து இறங்கும் கோடித் துணி பழுப்பாக, கஞ்சி விறைப்பாக இருக்கும். அதை வெளுத்தால்தான் சந்தைக்குப் போகும், சாயம் ஏறும். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் துணி வாங்கிக் கப்பலேற்றத் தொடங்கியபோது, நெசவாளர்களைப் போலவே வெளுப்பவர்களையும் கூட்டிவந்து குடியேற்றியது. இன்று தங்கசாலைத் தெரு என்கிற நெடுந்தெரு ஒரு காலத்தில் வண்ணார் தெருவாக இருந்தது. அவர்கள் வடக்கே நகர்ந்து குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. மெட்ரோ ரயில் நிலையப் பலகை வரைக்கும் அந்தப் பெயர் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் வண்ணார்பண்ணை இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய இடம். சிங்கப்பூரில் வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் போனவர்கள் துணி வெளுத்த ஓடைக்கரை, 1987இல் திறந்த 'டோபி காட்' ரயில் நிலையமாகிவிட்டது. நகரம் பெருத்ததும் துறை போய்விடும், பெயர் நின்றுவிடும். எல்லா ஊரிலும் இதே நடைமுறை.

ராசிபுரம் போன்ற வட்டாரங்களில் துறைக்குரிய குடும்பத்தை ஏகாலி என்றும் சொல்வார்கள். அவர்களுக்குக் காசாகக் கூலி கிடையாது. அறுவடையின்போது களத்துமேட்டில் அளந்து போடும் தானியம், நாள்தோறும் மாலையில் வீடுவீடாக வாங்கும் சோறு, நல்லது கெட்டதுக்குக் கிடைக்கும் வேட்டி, தேங்காய், சில்லறை. பதிலுக்கு அவர்கள் செய்தது சலவையோடு நிற்கவில்லை. கல்யாணப் பந்தலுக்கு வெள்ளை கட்டுவது, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நடைபாவாடை விரிப்பது, தீவட்டி பிடிப்பது, வயசுக்கு வந்த பெண்ணுக்கு மாற்றுச் சேலை கொடுத்துத் தீட்டுச் சேலையை வாங்கிக்கொள்வது, சாவு வீட்டில் பாதையில் துணி போடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், வெளுக்க வந்த துணிகளைச் சாவு ஊர்வலத்தில் விரிக்க வாடகைக்கு விட்டு அவர்கள் வரும்படியைக் கூட்டிக்கொண்டதைக் குறிக்கிறார். இதைத் திருட்டு என்று முகம் சுளிப்பவர்கள், வருடம் முழுக்க வேலை வாங்கிவிட்டு அறுவடை பொய்த்த வருடத்தில் கையை விரித்த களத்துமேட்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கும் கீழே ஒரு படி இருந்தது. ஊர் வண்ணார் சேரித் துணியைத் தொட மாட்டார். தலித் மக்களின் துணியை வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். அவர்களைப் பகலில் கண்ணால் பார்ப்பதே தீட்டு என்று ஒதுக்கி வைத்த கொடுமை, 1932இல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து செய்தித்தாளில் வெளிவந்தது. ஆக, ஊரில் 'பொதுத்துறை' என்று சொன்னதே பாதி உண்மைதான். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் நீர்நிலைகளில் யாரையும் தடுக்கக் கூடாது என்றது. சாதியைக் காட்டிச் சேவை செய்ய மறுப்பதையும் குற்றமாக்கியது. சட்டம் துணியைத் தொட்டதே தவிர, மூட்டையைத் தூக்கியவரின் தலையெழுத்தைத் தொடச் சில பத்தாண்டுகள் ஆயின. 1994இல் வந்த இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவல் ஆரோக்கியம் என்ற சலவைப் பெண்ணை நடுவில் நிறுத்தி, தானியம் குறையக் குறைய அவள் வாழ்க்கை எப்படி உருவிப் போகிறது என்று காட்டியது. துறையைப் பற்றித் தமிழில் ஒரே ஒரு புத்தகம் படிக்க நேரம் இருக்கிறவர் இதைப் படிக்கலாம். 2009இல் தமிழக அரசு புதிரை வண்ணாருக்கென்று தனி நலவாரியம் அமைத்தது.

நகராட்சிகள் துறைக்குள் கால் வைத்தது சுகாதாரத்தின் பேரில். 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஒரு குளத்து நீரில் கண்டபோது, அதே குளத்தில் மக்கள் குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் செய்துகொண்டிருந்தார்கள். குடிநீரையும் அழுக்கு நீரையும் பிரிக்காவிட்டால் ஊர் தங்காது என்பது நிரூபணமானது. சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் 1920இல் வந்தபோது, பொதுச் சலவைக்கூடம் அமைக்கவும், ஒதுக்காத இடத்தில் சலவைத் தொழிலாளர் துவைப்பதைத் தடுக்கவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் கிடைத்தது. தடுக்கிற அதிகாரம் எளிதாகக் கையில் வந்தது. கட்டுகிற கடமை அத்தனை எளிதாக வரவில்லை. 'இங்கே துவைக்காதே' என்ற பலகையைப் பார்த்த ஊர்கள் பல. 'இங்கே துவை' என்று தொட்டி கட்டிக் குழாய் போட்டுக் கொடுத்த ஊர்கள் சில.

கட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு மும்பை மகாலட்சுமி ஒரு சாட்சி. 1890இல் உருவான அந்தத் துறையில் 731 சிமெண்ட் தொட்டிகள். 2011இல் ஒரே இடத்தில் 496 பேர் கையால் துவைத்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள்.

நமக்கு நெருக்கமான சாட்சி கொச்சியில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில், படைவீரர்களின் சீருடையை வெளுக்கத் தமிழ் நாட்டிலிருந்து அழைத்துப் போன வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் கோட்டைக் கொச்சியின் வெளி என்ற பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். வெகுகாலம் குளங்களில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 1976இல் கொச்சிப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் ஒரு சலவைக்கூடம் கட்டிக் கொடுத்தது. வரிசையாகத் தடுப்பு அறைகள். ஒவ்வொன்றிலும் தொட்டியும் கல்லும். வெளியே விரிந்த உலர்த்தும் மைதானம். பக்கத்தில் தேய்ப்புக் கூடம். நடத்துவது அவர்களுடைய வண்ணார் சங்கம். உலர்த்தும் கொடியில் கிளிப் கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிவிட்டால் கடற்காற்றுக்கும் பறக்காது. கரிப்பெட்டியின் கனமும் கஞ்சியின் மொடமொடப்பும் இன்னும் அங்கே உயிரோடு இருக்கின்றன. ஓட்டல் விரிப்பும் ஆஸ்பத்திரித் துணியும் வருகின்றன. வெள்ளைக்காரப் பயணிகள் கேமராவோடு வருகிறார்கள். வீட்டுக்குள் தமிழ் பேசும் அந்தக் குடும்பங்களுக்குக் கேரளத்து அமைப்பு ஒன்று செய்து கொடுத்ததைத் தமிழகத்தின் எத்தனை நகராட்சிகள் செய்தன என்ற கேள்வி, கொச்சிக்குப் போய் வந்த எவருக்கும் எழும்.

ராசிபுரத்துப் பக்கம் துறை செத்தது ஒரே நாளில் அல்ல. யாரும் அதை இடிக்கவும் இல்லை. முதலில் தண்ணீர் போயிற்று. பம்புசெட்டும் அதன்பின் ஆழ்துளைக் கிணறும் நிலத்தடி நீரை உறிஞ்ச, கசிவுப் பள்ளங்கள் வறண்டன. குட்டையில் சீமைக்கருவேலம் ஏறியது. காவிரித் தண்ணீர் குழாய் வழியே தெருவுக்கு வந்தது. குடிக்க வந்த தண்ணீரில் ஊர் மூட்டையை வெளுக்க முடியுமா? திருமணிமுத்தாற்றிலோ சேலத்துச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் வந்து சேர்ந்தன. துணி வெளுத்த ஆற்று நீரில் துணியை நனைத்தால் நிறம் ஏறும் நிலை.

பிறகு துணியே மாறியது. டெரிலினும் பாலியெஸ்டரும் வெள்ளாவியைத் தாங்காது, தேவையும் இல்லை. 1959இல் சர்ப், 1969இல் நிர்மா, 1983இல் உஜாலா என்று தூளும் சொட்டு நீலமும் வீட்டுக்குள் வந்தன. இந்த மாற்றத்தை விடுதலை என்று மட்டும் எழுதுவது வழக்கம். ஒரு குடும்பத்தின் கழுத்திலிருந்து நுகத்தடி இறங்கியது உண்மை. வேலை எங்கே போயிற்று? கொல்லைப்புறத்தில் ஒரு துவைகல் முளைத்தது. அதன் முன்னால் அந்த வீட்டுப் பெண் நின்றாள். கூலிக்காரக் குடும்பத்துப் பெண்கள் எப்போதும் தங்கள் துணியைத் தாங்களேதான் துவைத்தார்கள். இப்போது பண்ணைவீட்டு மருமகளும் அந்த வரிசையில் சேர்ந்தாள். அவளுக்கும் கூலி கிடையாது, களத்துமேட்டுத் தானியமும் கிடையாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் தருவதாக அறிக்கையில் சொன்னது. துணி துவைப்பது ஓர் அரசியல் பிரச்சினை என்று ஒரு கட்சிக்காவது தோன்றியது நல்லதுதான். தேர்தலில் தோற்றுவிட்டதால் மெஷினும் வரவில்லை.

மூட்டை சுமந்த கழுதைகளும் போய்விட்டன. நாடு முழுக்க 2012க்கும் 2019க்கும் நடுவில் கழுதைகளின் எண்ணிக்கை 61 சதவீதம் குறைந்ததாகக் கால்நடைக் கணக்கெடுப்பு சொல்கிறது. சலவைக் குடும்பங்களில் மிஞ்சியவர்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு, உருப்படிக்கு இவ்வளவு என்று தேய்க்கிறார்கள். காசு கையில் வருகிறது, மாலைச் சோற்றுக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. இந்த இரண்டும் பெரிய விஷயம். அரசும் இந்த இடத்தில்தான் அவர்களைப் பார்க்கிறது. சலவைத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை இலவசத் தேய்ப்புப்பெட்டி கொடுக்கிறது. பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்தால் நவீன சலவையகம் தொடங்க நிதி கிடைக்கும்.

குழுவும் நவீனமும் சரி. தண்ணீரும் இடமும் யார் தருவது? துவைக்கும் மெஷின் வாங்க நிதி ஒதுக்கிவிட்டு, கழிவுநீர் போக வாய்க்கால் இல்லாத வாடகைக் கட்டடத்தில் அதை வைக்கச் சொன்னால் குழு எத்தனை மாதம் தாங்கும்? கொச்சியில் கட்டடமும் மைதானமும் பொது, உழைப்பு அவரவருடையது, நிர்வாகம் சங்கத்தினுடையது. அந்த ஏற்பாடுதான் சரி. கல்யாண மண்டபமும் ஆஸ்பத்திரியும் கல்லூரி விடுதியும் பெருகிவிட்ட ராசிபுரம், நாமக்கல் போன்ற ஊர்களில் வெளுக்கத் துணிக்குப் பஞ்சமில்லை. இந்தத் தொழிலில் யார் இருப்பது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கக் கூடாது. இருக்க விரும்புகிறவர் முழங்கால் தண்ணீரில் நின்று அழிந்துபோகவும் கூடாது. நகராட்சி ஒரு சலவைக்கூடம் கட்டுவதற்கு 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருந்தது.

சாதிப் பட்டியலிலும் ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் வண்ணார் பட்டியல் சாதியினர். மற்ற தமிழகம் முழுவதும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். 1956 வரை அந்தப் பகுதிகள் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததன் மிச்சம் இது. துறையில் நின்ற கால்கள் இரண்டு இடத்திலும் ஒரே தண்ணீரில்தான் ஊறின. ஒரே சட்டம் வேண்டும் என்று சலவைத் தொழிலாளர் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.

துறை மிச்சம் வைத்துப் போன ஒன்று மட்டும் இன்னும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது வண்ணான் குறி. நூறு வீட்டு வேட்டிகள் ஒரே வெள்ளாவியில் வேகும், எல்லாம் வெள்ளை. எது எவருடையது என்று பிரிக்க, சேங்கொட்டையின் சாற்றைத் தொட்டுத் துணி ஓரத்தில் ஒரு குறி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவுவார்கள். கறுத்துப் போன அந்தக் குறி துணி கிழிகிற வரைக்கும் போகாது. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, நடுவே கோடு, பெருக்கல் அடையாளம், புள்ளிக்கு மேல் பிறை என்று வீட்டுக்கு ஒரு குறி. தகப்பன் சொத்தைப் பிரித்துக்கொண்டு அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனால் குறியிலும் ஒரு புள்ளி கூடும். பள்ளிக்கூடம் அனுமதிக்காதவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட எழுத்து இது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு வந்தது. டாக்டர்கள் தேடிப் பார்த்ததில் சீருடை ஓரத்தில் இருந்த சேங்கொட்டைக் குறிதான் காரணம் என்று தெரிந்தது. முந்திரி, மாமரக் குடும்பத்தைச் சேர்ந்த கொட்டை. சாறு பட்டால் தோல் வெந்துவிடும். அதைத் தினமும் தொட்டவர்களின் விரல்களை எந்த டாக்டரும் தேடிப் போய்ப் பார்க்கவில்லை.

இந்தக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். ராசிபுரம், வெண்ணந்தூர், குருசாமிபாளையம், நாமகிரிப்பேட்டைப் பக்கத்து வீட்டுப் பரணில் பழைய வேட்டியோ சமுக்காளமோ கிடந்தால் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பாக நாலு புள்ளி தெரிந்தால் கரித்துணியாக்கிவிட வேண்டாம். ஒரு படம் எடுத்து, எந்த ஊர், எந்தத் தெரு, குறி வைத்த குடும்பம் துவைத்த துறைக்கு என்ன பெயர் என்று விசாரித்து எழுதி, ஆண்டகலூர்கேட்டில் இருக்கும் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியின் தமிழ்த்துறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த வருடம் ஆய்வுப் பொருள் தேடி வருகிற மாணவருக்கு உதவும்.